வெளிநாட்டில் வணிகப் பட்டம்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கான நுழைவுத் தகைமை வழிகாட்டி

உயர்தர வர்த்தகப் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கொமர்ஸ் பட்டத்துக்குத் தகைமை போதாது என்று பதில் வரலாம். பெறுபேறு நல்லதுதான். கணிதம் இல்லாததுதான் குறை. எங்கள் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்றையும் எடுத்தால் சாதாரண தரத்துக்குப் பிறகு கணிதத்தைத் தொடாமலே உயர்தரத்தை முடித்துவிடலாம். வெளியே பல நாடுகளில் வணிகம், நிதி, பொருளியல் எல்லாம் கணிதத்தின் மேல் நிற்கிற பாடங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பக் கட்டணமும் ஒரு வருடமும் வீணாகப் போகின்றன. ஆகவே நாட்டைத் தெரிவுசெய்ய முன்னர் கணிதத்தைப் பார்ப்போம்.

கணிதம் எங்கே கேட்பார்கள், எங்கே கேட்கமாட்டார்கள்

பட்டத்தின் பெயரை உன்னிப்பாகப் பாருங்கள். பொருளியல், நிதி, அக்ச்சுவரியல் சயன்ஸ் (காப்புறுதி, இடர் கணிப்பு), பெரிய பல்கலைக்கழகங்களின் கொமர்ஸ் ஆகியவை உயர்தர மட்டத்துக் கணிதத்தைக் கேட்பவை. மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் கொமர்ஸ் பட்டத்துக்கு விக்ரோறியா மாநிலத்தின் 'மத்தமற்றிக்கல் மெதட்ஸ்' பாடத்துக்குச் சமமான கணிதம் முன்தேவை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் றொட்மன் கொமர்ஸுக்கு நுண்கணிதம் வேண்டும். லண்டன் ஸ்கூல் ஒப் இக்கொனொமிக்ஸில் பொருளியல் படிக்க உயர்தரக் கணிதத்தில் மிக உயர்ந்த பெறுபேறு கேட்கிறார்கள். இணைந்த கணிதம் எடுத்த பிள்ளைக்கு இந்தக் கதவுகள் திறந்திருக்கும். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு அப்படியில்லை.

வணிக முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், மனிதவள முகாமைத்துவம் போன்ற பட்டங்களுக்குப் பெரும்பாலும் சாதாரண தரக் கணிதம் போதும். ஆனால் எந்தப் பெறுபேறு என்பது முக்கியம். ஐக்கிய இராச்சியப் பல்கலைக்கழகங்களின் பக்கத்தில் 'ஜீசீஎஸ்ஈ கணிதம் 4 அல்லது 5' என்று இருக்கும்; ஜீசீஎஸ்ஈ என்பது அங்கத்துச் சாதாரண தரம் மாதிரியான பரீட்சை. எங்கள் சாதாரண தரத்தில் சீயும் அதற்கு மேலும்தான் அதற்கு ஈடாகப் பொதுவாக எடுக்கப்படும். சில இடங்களில் பீ கேட்பார்கள். எஸ் இங்கே சித்தி. அங்கே அது பெரும்பாலும் கணக்கில் வராது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வைத்துக்கொண்டு, சாதாரண தரக் கணிதத்தில் எஸ் இருப்பதைப் பொருட்படுத்தாமல் விடுகிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

எஸ் இருந்தால் செய்யக்கூடியவை இரண்டு. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரக் கணிதத்தைத் திரும்ப எழுதலாம். அல்லது எடெக்ஸல், கேம்பிறிட்ஜ் சர்வதேசப் பரீட்சையில் கணிதத்தை மட்டும் எழுதலாம். உயர்தரக் கணிதம் கேட்கிற பட்டத்தையே படிக்க விரும்பும் வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கும் இந்த இரண்டாவது வழி உண்டு: எடெக்ஸல் சர்வதேச உயர்தரக் கணிதத்தைத் தனிப் பாடமாக எடுக்கலாம். அந்தப் பரீட்சை ஜனவரி, மே-ஜூன், ஒக்ரோபர் என வருடத்தில் மூன்று தடவை நடப்பதால், எங்கள் உயர்தரம் முடிந்து பெறுபேறு வருவதற்கு இடைப்பட்ட மாதங்களைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம். முழு உயர்தரம் கேட்கிறார்களா, முதற் பகுதி போதுமா என்பதைப் பணம் கட்ட முன்னர் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பெறுபேற்றை அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்

இசற் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை எதுவும் வெளியே செல்லாது. மூன்று பிரதான பாடங்களின் ஏ, பீ, சீ, எஸ் எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள். பொதுச் சாதாரண பரீட்சையையும் பொது ஆங்கிலத்தையும் மூன்று பாடங்களோடு சேர்த்து எண்ணமாட்டார்கள். யாழ். மாவட்ட வெட்டுப்புள்ளியில் சிறிது குறைந்து உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. இங்கே வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன ஒரு ஏ, இரண்டு பீ, அங்கே பல வணிகப் பட்டங்களுக்கு நேரடியாகப் போதும்.

இரண்டாம், மூன்றாம் தடவை எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதல் தடவையில் கணக்கீடு ஏ, இரண்டாம் தடவையில் பொருளியல் ஏ என்று நல்லதை மட்டும் பொறுக்கிச் சேர்க்கப் பல பல்கலைக்கழகங்கள் விடாது. ஒரே அமர்வில் எடுத்த மூன்று பாடங்களையே கேட்கும். எல்லா அமர்வுகளையும் விண்ணப்பத்தில் காட்டச் சொன்னால் எல்லாவற்றையும் காட்டுங்கள். சுட்டெண்ணை வைத்துப் பரீட்சைத் திணைக்களத்தில் சரிபார்க்க முடியும். மறைத்தது பின்னர் தெரிந்தால், குறைந்த பெறுபேற்றை விட அதுதான் பெரிய குற்றமாகிவிடும்.

பெறுபேறு நேரடி நுழைவுக்குப் போதாவிட்டால், பட்டத்துக்கு முன் ஆயத்தமாகப் படிக்கிற பவுண்டேசன் வருடம் என்றொரு வழி உண்டு. அது ஒரு வருடக் கட்டணத்தையும் ஒரு வருட வாழ்க்கைச் செலவையும் கூட்டிவிடும். மூன்று சீ உள்ள பிள்ளையைக்கூட நேரே பவுண்டேசனுக்கு அனுப்புகிற முகவர்கள் இருக்கிறார்கள். தமக்கு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தையே அவர்கள் முதலில் காட்டுவார்கள். நேரடியாக எடுக்கும் பல்கலைக்கழகம் உண்டா என்று நீங்களே நான்கைந்து பக்கங்களைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்குப் போங்கள்.

யாழ்ப்பாண உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்கள், ஏஏரி, ஏசீசீஏ, சீமா ஆகிய கணக்கியல் தொழிற்தகைமைகளின் பகுதிகளை முடித்தவர்கள் பாடவிலக்குக் கேட்கலாம். எத்தனை பாடத்தை விடுவிப்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தீர்மானிக்கும். அதற்குப் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பிரதி கட்டாயம் தேவைப்படும். சான்றிதழை மட்டும் அனுப்பினால் விலக்குக் கிடைப்பது அரிது.

ஆங்கிலம்

தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை அல்லது அதற்குச் சமமான பரீட்சை வேண்டும். வணிகப் பட்டங்களுக்கு வழமையாகக் கேட்பது மொத்தம் 6.0 முதல் 6.5 வரை, ஒவ்வொரு திறனிலும் 5.5 அல்லது 6.0க்குக் குறையாமல். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் வாசிக்காமல் விடுகிறார்கள். ஒரு பிள்ளை கேட்டலில் 7.0, வாசித்தலில் 6.5, எழுதுதலில் 5.5, பேசுதலில் 6.5 எடுத்திருக்கிறார் என்று வைப்போம். கூட்டினால் 25.5, நாலால் பிரித்தால் 6.375; அருகிலுள்ள அரைக்கு மாற்றினால் மொத்தம் 6.5. ஒவ்வொரு திறனிலும் 6.0 கேட்கிற பட்டத்துக்கு இந்த 6.5 செல்லாது. எழுதுதல் கீழே நிற்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குறைவது பெரும்பாலும் அந்த எழுதுதல்தான். 60 நிமிடத்தில் இரண்டு பகுதிகள்: முதலாவது குறைந்தது 150 சொற்கள், இரண்டாவது குறைந்தது 250 சொற்கள். இரண்டாவதற்கு முதலாவதைப்போல இரு மடங்கு நிறை உண்டு. அப்படியிருந்தும் முதலாவதில் வரைபடத்தை விவரிப்பதிலேயே அரை மணித்தியாலத்தைச் செலவழித்து, இரண்டாவதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் முதலாவதை நிறுத்திப் பழகுங்கள். ரியூசனில் மனப்பாடமாகத் தருகிற முன்னுரைகளைத் திருத்துபவர் உடனே இனங்கண்டுவிடுவார். அவை புள்ளியைக் குறைக்கவே செய்யும்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டியது 'அகடமிக்' பிரிவு. 'ஜெனரல்' எழுதிவிட்டு வந்தால் அந்தப் பணம் போனதுதான். பெறுபேறு 2 வருடம் செல்லுபடியாகும். கணினியில் எழுதியவர் ஒரு திறனை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம். ஆனால் அந்தத் திருத்திய பெறுபேற்றை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்காது. வீட்டிலிருந்து எழுதுகிற டூவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்றாலும் அவுஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு அது செல்லாது. அந்த விசாவுக்கு நேரடியாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவரிடம் ஐஈஎல்ரிஎஸ் 6.0 என்ற அளவு 2024 மார்ச்சிலிருந்து கேட்கப்படுகிறது.

பெயர், திகதி, பத்திரங்கள்

இது யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். சாதாரண தரச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வந்திருக்கும். 'தர்சிகா' என்ற பெயரை ஓரிடத்தில் 'ரி-எச்' போட்டும் இன்னோரிடத்தில் 'டி' போட்டும் எழுதியிருப்பார்கள். 'சி'யில் 'எஸ்'க்குப் பின்னால் 'எச்' இருக்கும் அல்லது இருக்காது. எங்களுக்கு அது ஒரே பிள்ளை. விசா அதிகாரிக்கு அவை இரண்டு ஆட்கள்.

செய்யவேண்டியது இதுதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், கடவுச்சீட்டு, தாய் தகப்பனின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் மேசையில் விரித்து, ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்காவிட்டால், உயர்தரச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே அதில் வரச்செய்யுங்கள். எடுத்துவிட்டிருந்தால் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். மற்றவற்றில் உள்ள வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். தகப்பனின் பெயரிலும் இதே வித்தியாசம் இருக்கும். வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருந்தால் அவருக்கும் ஒன்று வேண்டும்.

தமிழ்ப் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும். அவருக்குக் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தன் பழக்கப்படி எழுத்துக்கூட்டி, நான்காவது விதம் ஒன்றை உண்டாக்கிவிடுவார். வன்னியில் யுத்த காலத்தில் பிறந்து காலங்கடந்து பதிவுசெய்யப்பட்டவர்களின் சான்றிதழில் பிறந்த திகதிக்கும் பதிவுத் திகதிக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அது குற்றமல்ல. காரணத்தை இரண்டு வரியில் விளக்கி, விண்ணப்பத்தோடு வைத்தால் போதும்.

பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஆங்கிலச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சிப்படுத்தல் தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறுதிப்படுத்திய பிரதியோடு திருப்திப்படுகிற இடத்துக்கு எல்லாப் பத்திரத்தையும் அத்தாட்சிப்படுத்திக் காசை விடவேண்டாம். கடவுச்சீட்டுக்கும் 2025 செப்டெம்பரிலிருந்து யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இயங்குகிறது.

காசைக் காட்டுவது

பல்கலைக்கழகம் இடம் தந்த பின்னரும் விசாவில் விழுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். கையில் காசு இருப்பவர்களும் அதில் அடக்கம். காட்டுகிற விதம் நாட்டுக்கு நாடு மாறுவதுதான் காரணம்.

ஐக்கிய இராச்சியத்தின் சட்டம் தெளிவானது, இறுக்கமானது. முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பகுதியோடு வாழ்க்கைச் செலவையும் காட்டவேண்டும். 2025 நவம்பர் 11இலிருந்து அது லண்டனில் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண், ஆகக்கூடியது 9 மாதத்துக்கு. அதாவது லண்டனுக்கு 13,761, வெளியே 10,539. இந்த முழுத்தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த 28 நாள் முடிகிற திகதிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கிற திகதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. பன்னிரண்டாம் நாளில் அதே கணக்கிலிருந்து பல்கலைக்கழக முற்பணத்தைக் கட்டி, மீதி குறைந்து, விசா மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிற சங்கதி. ஆகவே காட்டுகிற காசை ஒரு கணக்கிலும் செலவழிக்கிற காசை இன்னொரு கணக்கிலும் வையுங்கள். ரூபாவில் வைத்திருந்தால் மாற்றுவீதம் விண்ணப்பத் திகதியில் கணிக்கப்படும்; பத்து வீதமாவது கூடுதலாக விடுங்கள்.

அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு யாருடையது என்பது. மாணவர், தாய், தகப்பன், சட்டபூர்வ பாதுகாவலர், துணை. அவ்வளவுதான். லண்டனில் இருக்கிற மாமாவின் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது செல்லாது. மாமா உதவுவதென்றால் வங்கி மூலம் தாய் தகப்பனின் கணக்குக்கு அனுப்பி, அங்கே 28 நாள் கிடக்கவிடவேண்டும். அவர்களின் கணக்கைக் காட்டும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் சேர்ந்து போகவேண்டும்.

கனடாவுக்கு 2025 செப்டெம்பர் 1இலிருந்து தனி மாணவர் ஒருவர் முதல் வருடக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாக 22,895 கனேடிய டொலர் காட்டவேண்டும். இங்கே உறவினரின் ஆதரவை ஏற்பார்கள். ஆனால் கடந்த 4 மாத வங்கிக்கூற்றில் காசு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பார்கள். இளநிலைப் பட்டத்துக்கு, அந்த மாகாணத்தின் மாணவர் ஒதுக்கீட்டில் உங்களுக்கு இடம் உண்டு என்று காட்டுகிற மாகாண அத்தாட்சிக் கடிதமும் தேவை. அதை இடம் கிடைத்த பின்னர் பல்கலைக்கழகத்தினூடாகவே பெறவேண்டும். ரொறன்ரோவில் அரைவாசி ஊரே இருக்கிறது என்பது விசாவுக்குப் பலம் அல்ல. படித்து முடிந்ததும் திரும்பி வருவீர்களா என்ற கேள்வியை அது பெருப்பிக்கும். எனவே விளக்கக் கடிதத்தில் உறவினரை மறைக்காமல் எழுதி, ஏன் இந்தப் பட்டம், முடித்ததும் என்ன வேலை என்பதற்குத் திடமான பதில் வையுங்கள்.

அவுஸ்திரேலியா 2024 மே 10இலிருந்து 12 மாத வாழ்க்கைச் செலவாக 29,710 அவுஸ்திரேலிய டொலர் கேட்கிறது. கட்டணமும் பயணமும் அதற்கு மேல். விசாக் கட்டணம் 2025 ஜூலை 1இலிருந்து 2,000 டொலர். மறுத்தால் அது திரும்பி வராது. அரைகுறைப் பத்திரத்தோடு முயன்று பார்க்கிற தொகை அல்ல இது.

எந்த நாட்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று. விண்ணப்பத்துக்கு முதல் வாரம் காசாகக் கொண்டுபோய் வைப்பிலிட்ட பெருந்தொகை சந்தேகத்தைக் கிளப்பும். உண்டியலில் வந்த காசுக்கு எந்தப் பதிவும் இல்லை. உங்களுடைய காசாக இருந்தாலும் உங்களால் நிரூபிக்க முடியாது. காணி விற்றிருந்தால் உறுதியின் பிரதியும், வாங்கியவரிடமிருந்து வங்கி மூலம் காசு வந்த பதிவும் வேண்டும். நகை விற்றிருந்தால் பற்றுச்சீட்டு வேண்டும். காணியின் மதிப்பீட்டு அறிக்கை குடும்ப நிலைமையைக் காட்டுமே தவிரக் கைக்காசுக்கு ஈடாகாது.

ஏன் இந்தப் படிப்பு என்று எழுதுவது

ஐக்கிய இராச்சியத்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் ஊடாக விண்ணப்பிக்கும்போது ஐந்து தெரிவுகள் வைக்கலாம். 2026ஆம் ஆண்டு நுழைவிலிருந்து தனிப்பட்ட கூற்று மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது: ஏன் இந்தப் பாடம், உங்கள் படிப்பு உங்களை எப்படி ஆயத்தப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளி உட்பட மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அவுஸ்திரேலிய விசா விண்ணப்பத்தின் 'உண்மையான மாணவர்' கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 150 சொற்களுக்குள் பதில் வேண்டும்.

இங்கே முகவர் தருகிற மாதிரிக் கடிதம்தான் எதிரி. 'சிறுவயதிலிருந்தே வணிகத்தில் ஆர்வம்' என்று தொடங்குகிற ஆயிரம் கடிதங்களைப் பல்கலைக்கழகத்தாரும் விசா அதிகாரிகளும் வாசித்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த வணிகத்தை எழுதுங்கள். திருநெல்வேலிச் சந்தையடியில் தகப்பனுக்குக் கடை இருந்தால், கடன் கொப்பியில் மாதக் கடைசியில் எவ்வளவு நிலுவை நின்றது, வெங்காயம் வரத்துக் கூடுகிற கிழமையில் விலை எப்படி இறங்கியது, அதைப் பார்த்துக் கொள்வனவை எப்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பிறகு அதை உயர்தரத்தில் படித்த தொழிற்படு மூலதனத்தோடும் கேள்வி, நிரம்பல் நெகிழ்ச்சியோடும் இணைத்துக் காட்டுங்கள். அப்படி எழுதியவர் நேர்முகத்திலும் தடுமாறமாட்டார். ஐக்கிய இராச்சிய விசா நேர்முகத்தில் முதல் வருடம் என்னென்ன பாடம், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், கட்டணம் எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். தான் சேரப்போகிற பட்டத்தின் பாடங்களைச் சொல்லத் தெரியாத பிள்ளையை அவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாததற்கு அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

உயர்தரத்துக்குப் பிறகு ஓரிரு வருட இடைவெளி இருந்தால் அதை வெறுமையாக விடவேண்டாம். திரும்பப் பரீட்சை எழுதியது, வேலை செய்தது, வீட்டில் நோயாளியைப் பார்த்தது எதுவானாலும் மாதக் கணக்கோடு எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது

எங்கள் உயர்தரப் பெறுபேறு அண்மைய வருடங்களில் ஏப்ரல், மே வாக்கில்தான் வந்திருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கும். ஆகவே பெறுபேறு வரும்வரை காத்திருந்தால் நாலு மாதம்தான் மிச்சம். பரீட்சை முடிந்த கையோடு கடவுச்சீட்டும் பெயர் திருத்தமும். ஜனவரி முதல் மார்ச் வரை ஐஈஎல்ரிஎஸ். 2026 நுழைவுக்கு யூகாஸின் பிரதான இறுதித் திகதி ஜனவரி 14. வெளிநாட்டு மாணவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் அதற்குப் பின்னரும் எடுக்கும். இருந்தாலும் நிபந்தனையோடு கூடிய இடத்தை முன்னரே வாங்கி வைப்பது புத்தி. காசு மே மாதத்துக்குள் கணக்கில் இருக்கவேண்டும். ஐக்கிய இராச்சியத்துக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். கொழும்பில் ஐஓஎம் (சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில் எடுக்கலாம். 6 மாதம் செல்லுபடியாகும் என்பதால் மிக முந்தியும் எடுக்கவேண்டாம். சுகாதார மேலதிகக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுணை விசாவோடு சேர்த்து, படிப்புக் காலம் முழுவதுக்கும் ஒரேயடியாகக் கட்டவேண்டும். மூன்று வருடப் பட்டத்துக்கு இது 2,300 பவுணுக்கு மேல். இதை மறந்து திட்டமிடுகிற வீடுகள் நிறைய.

அவுஸ்திரேலியாவில் பெப்ரவரி, ஜூலை என இரண்டு நுழைவுகள். எங்கள் பெறுபேற்றுக் காலத்துக்குப் பெப்ரவரிதான் நிதானமாகப் பொருந்தும். கனடாவில் பெரிய பல்கலைக்கழகங்களின் வணிகப் பட்டங்களுக்கு வருடத் தொடக்கத்திலேயே விண்ணப்பம் மூடிவிடும்.

இந்தியா, முதுகலை

சென்னையில் பீகொம், பீபீஏ படிப்பது செலவு குறைந்த, வீட்டுக்குக் கிட்டிய வழி. இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் இலங்கை மாணவர்களுக்கு வணிகம், பொருளியல் இளநிலைப் பட்டங்களுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அறிவித்தல்களைப் பார்த்துவாருங்கள். சேர்வதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ் கேட்கப்படலாம். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடிக்கவேண்டும்.

யாழ். பல்கலைக்கழக முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் பட்டம் முடித்து முதுகலைக்குப் போகிறவர்கள் எம்பீஏக்கும் எம்எஸ்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். எம்பீஏ வழமையாக இரண்டு, மூன்று வருட வேலை அனுபவம் கேட்கும். முகாமைத்துவ எம்எஸ்சி கேட்காது. ஜீமற் என்ற வணிக முதுகலை நுழைவுப் பரீட்சையைக் கேட்கிற இடமென்றால், அது 2 மணி 15 நிமிடம். புள்ளி 205 முதல் 805 வரை. ஐக்கிய இராச்சியத்தில் பாடநெறி வழி முதுகலைக்குப் போகிறவர் 2024 ஜனவரியிலிருந்து கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ சார்ந்தோர் விசாவில் கூட்டிப்போக முடியாது. கலியாணம் பேசுகிற வீடுகளும் இதை அறிந்திருக்கவேண்டும்.

முகவரிடம் போகுமுன்

முகவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், பல்கலைக்கழகக் கணக்கு எல்லாம் பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே வங்கி மூலம் கட்டுங்கள். வெளிநாட்டு மாணவரை எடுக்க அனுமதி பெற்ற இடங்களைக் காட்டுகிற, ஐக்கிய இராச்சியத்தில் அனுசரணை உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேடு, அவுஸ்திரேலியாவில் கிறிகொஸ் பதிவு, கனடாவில் நியமிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களின் பட்டியல் மூன்றும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. பெயரைத் தட்டிப் பாருங்கள். 2023 டிசெம்பரிலிருந்து கனடா ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் பல்கலைக்கழகத்திடம் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கிறது. முகவர் செருகிய பொய்ப் பத்திரத்துக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையதே. கனடாவில் 5 வருடத் தடை, அவுஸ்திரேலியாவில் 3 வருடம், ஐக்கிய இராச்சியத்தில் 10 வருடம்வரை போகும். விண்ணப்பத்தை அனுப்ப முன்னர் இணைத்த ஒவ்வொரு பக்கத்தையும் பிள்ளை தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

முற்பணம் கட்ட முன்னர், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில், எந்தக் காரணத்துக்குத் திரும்பாது என்பதைப் பல்கலைக்கழகத்தின் மீளளிப்பு விதியில் வாசியுங்கள். பொய்ப் பத்திரத்தால் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் ஒரு சதமும் திரும்பாது. திரும்பி வந்து அரச வேலைக்கோ யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கோ விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், தெரிவுசெய்த பல்கலைக்கழகத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதையும் இதே கட்டத்தில் பாருங்கள். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ பல்கலைக்கழகங்களின் சர்வதேசக் கைநூலிலோ பெயர் இருக்கவேண்டும் என்பதே ஆணைக்குழுவின் அளவுகோல். பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் வளாகத்தின் பெயரையும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, வருகிற பதிலைப் பட்டச் சான்றிதழ் வரும்வரை பத்திரப்படுத்துங்கள்.